ராணுவம் வெட்டாத கடிதம்

அந்தக் கடிதத்தை வெட்டியது ராணுவம் இல்லை. நான் வெட்டினேன். அப்பாவின் சவரப் பிளேடில் பாதியை ஒடித்து எடுத்து, எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு சனிக்கிழமை மதியம் வெட்டினேன். பிறகு, வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று ஒரு முகாமே கூடியிருந்த இடத்தில் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு தாய் கடலைக் கடந்து போனாள். திரும்பி வரவில்லை.

இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் திண்டுக்கல்லில் என்னோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தீப்பெட்டிகளைத் திறந்து வைத்துத் தபால்தலை மாற்றிக்கொண்டவர்கள். உங்களுக்கும் இப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைகளோடு இருப்பீர்கள். "சிலோன் தலை கொண்டாந்தியாடா?" என்று திங்கட்கிழமைதோறும் என்னைச் சுற்றி நிற்பீர்களே, அந்தத் தலைகள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் அய்யலூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. அப்பா அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டர். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. காலையில் கடலைக் காட்டில் வேலை, பத்து மணிக்கு மேல் வீட்டு முன்னறையில் தபால் வேலை. ஒரு மேசை, ஒரு தராசு, தேதி முத்திரை, மை தொட்டுக் கறுத்த ஒரு துணித் திண்டு. பஸ்ஸில் தபால் பை வரும். அப்பா அரக்கை உடைத்து, எண்ணி, ஒவ்வொரு கடிதத்தின் முதுகிலும் முத்திரை குத்துவார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கடிகாரச் சத்தம் மாதிரி.

எண்பதுகளின் நடுவில் இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்தவர்களை அரசாங்கம் எங்கள் ஊர் எல்லையில், காலியாகக் கிடந்த நெல் குடோனில் குடியமர்த்தியது. சேலைகளையும் சாக்குகளையும் தொங்கவிட்டு அறை அறையாகத் தடுத்து, நாற்பது குடும்பங்கள் இருந்தன. ஊரில் அவர்களைச் சிலோன்காரங்க என்றார்கள். முதலில் பாவம் பார்த்தார்கள், பிறகு வேடிக்கை பார்த்தார்கள். குழாயடியில் அந்தப் பெண்கள் "இண்டைக்குக் கத்தரிக்காய்க் கறி" என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "கத்தரிக்காயில எங்கிட்டு ஆத்தா கறி இருக்கு? வெஞ்சனம்னு சொல்லு!"

எங்கள் ஊர்த் தபால்காரருக்கு முழங்கால் வலி. "அம்புட்டுத் தூரம் நம்மனால மிதிக்க முடியாதுங்க சாமி" என்று முகாம் கடிதங்களை மேசையிலேயே வைத்துவிடுவார். சனிக்கிழமைகளில் அப்பா அந்தக் கட்டை என்னிடம் கொடுத்துவிடுவார். சட்டப்படி அது தவறு. அப்பா விதியை மீறிச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

முகாமில் எந்தக் கடிதமும் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. ஒரு வீட்டுக்கு வரும் கடிதத்தில் பத்து வீட்டுச் சேதி இருக்கும். அதனால் கடிதம் வந்தால் எல்லாரும் குடோன் வாசலில் கூடுவார்கள். இலங்கையில் தலைமையாசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார். சின்னவர்கள் அவரைப் பெரிய வாத்தியார் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ராணுவம் எந்தச் சந்தியைத் தாண்டியது, எந்த ஊரை எரித்தது என்பதெல்லாம் அந்த வாசலில்தான் தெரியவரும். ஆனால் கடிதம் வந்து சேர மூன்று வாரம் ஆகும். இன்று எரிந்ததாகக் கேட்கும் ஊர் எரிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். படிக்கும் நேரத்தில் ராணுவம் இன்னும் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று ஆண்கள் விரல்விட்டுக் கணக்குப் போடுவார்கள். பெண்கள் அந்தக் கணக்கு முடியும் முன்பே அழத் தொடங்குவார்கள்.

அங்கே ஒரு பெண் இருந்தாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். முப்பது வயது இருக்கும். இரண்டு வயது மகனை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவள். படகு புறப்பட்ட அன்று எட்டு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல். அம்மை என்று பயந்து படகுக்காரர்கள் ஏற்ற மறுத்துவிட்டார்கள். "நீ சின்னவனோட போ, நான் இவளைக் கொண்டு பின்னால வாறன்" என்று கணவர் அவளை ஏற்றிவிட்டாராம். அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. மாதம் இரண்டு முறை எழுதுவார். நீலநிற ஏரோகிராம். தாளும் உறையும் ஒன்றாகவே இருக்கும், மடித்து ஒட்டும் கடிதம். ஒரு ஓரம் விடாமல் ஊற்றுப் பேனாவால் நுணுக்கி எழுதியிருப்பார்.

மற்றவர்கள் படித்து முடித்ததும் தலையைக் கிழித்து எனக்குக் கொடுத்துவிடுவார்கள். அத்தை மட்டும் கொடுக்க மாட்டாள். பிஸ்கட் தகர டப்பாவில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். ஒரு முறை வாய்விட்டுக் கேட்டேன்.

"அத்த, அந்தத் தலைய மட்டும் குடுங்க. கடிதம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அவர் நாக்கில தொட்டு ஒட்டினது தம்பி. வேற என்ன வேணுமெண்டாலும் கேள்" என்றாள். சொல்லிவிட்டு, என் முகம் வாடியதைப் பார்த்து, சர்க்கரை போட்டுப் பிசைந்த தேங்காய்ப்பூவை ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். நான் தின்றேன்.

அப்போது பறவைத் தலைகளுக்கு மவுசு. நினைவிருக்கும் உங்களுக்கு. நான்கு பறவைகள் கொண்ட இலங்கைத் தலை வரிசையில் என்னிடம் மூன்று இருந்தன. நீல இறக்கை, சிவப்பு மூக்குள்ள நாலாவது பறவை மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்தால் தன்னிடம் இருக்கும் முக்கோணத் தலையைத் தருவதாக நம் வகுப்பு டாக்டர் மகன் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை வரைக்கும்தான் கெடு, அதற்குப் பிறகு வேறு ஒருத்தனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான்.

அந்தச் சனிக்கிழமை பையில் அத்தைக்கு ஒரு ஏரோகிராம் வந்தது. எப்போதும்போல, ஏறிய கட்டணத்துக்காக அச்சடித்த தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை ஒட்டியிருந்தது. இந்த முறை அது அந்த நீலப் பறவை.

அப்பா முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மடிப்பின் ஓரத்தில் பசை பிடிக்காத இடம் வழியாக ஒரு தபால் கார்டை உள்ளே செருகினேன், மற்ற மடிப்புகளில் வெட்டு விழாமல் இருக்க. பிளேடால் நான்கு கோடுகள். ஒரு சன்னல் மாதிரி அந்தத் துண்டு மட்டும் கையோடு வந்தது. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன். உடனே அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதை ஊறப்போட்டேன். ஊறினால்தான் தலை தாளிலிருந்து பிரியும். துண்டின் பின்பக்கத்தில் எழுத்து இருந்ததைப் பார்த்தேன். படிக்கவில்லை. நாலைந்து வரிகளின் நடுப்பகுதி. தண்ணீர் மெல்ல நீலமானது. கால் மணி நேரத்தில் தலை தனியாக மிதந்தது. தாள் கூழாகிவிட்டது. வாசலில் கொட்டினேன்.

நாலு மணிக்குக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தை மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய வாத்தியார் ஒட்டைப் பிரித்தார். விரித்ததும் தாளின் நடுவே இருந்த ஓட்டை வழியாக அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. அவர் படிக்க ஆரம்பித்தார். நாற்பது வருடமாக அது என் காதில் இருக்கிறது. ஒரு சொல்கூட மாறாமல் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏறக்குறைய இப்படித்தான்.

"ஆமி பெருந்தெருவால் வந்துகொண்டிருக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மரம் இல்லை. தென்னைகளை இயந்திரத்தால் தள்ளிவிடுகிறார்கள். ஒரு ஊரை விட்டு நடக்கும்போது அந்த ஊருக்கு நெருப்பு வைத்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். வைக்கோல் போர் எதுவும் மிச்சமில்லை. ஆடு மாடுகளைச் சுட்டுக் கிணற்றில் போடுகிறார்கள், பின்னால் வருகிற சனம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று. எங்கள் வீடும் போய்விட்டது. நீ அழவேண்டாம். பிள்ளைக்குச் சுகம். அவளை…"

அங்கே நின்றார். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"அவளை, பிறகு வெட்டியிருக்கு. பிறகு 'குளத்தில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன்' எண்டு வருது. அடுத்த வரி, 'ஆமி அந்தப் பக்கம்', பிறகு இல்லை, பிறகு 'என்று எல்லாரும் சொல்கிறார்கள்.'"

"வருமெண்டோ, வராதெண்டோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்தச் சொல்லுத்தான் இல்லை."

அவர்கள் பக்கம் பாதி ஊர்ப் பெயர்கள் 'குளம்' என்றுதான் முடியும். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். மாங்குளமோ, புளியங்குளமோ, கனகராயன்குளமோ என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கணவருக்கு ஒன்றுவிட்ட அக்காமார் மூன்று பேர், மூன்று பேரும் ஏற்கெனவே ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டிருப்பவர்கள். அத்தை எல்லாப் பெயருக்கும் தலையை ஆட்டினாள், எல்லாமாகவும் இருக்கலாம் என்பது போல.

பெரிய வாத்தியார் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். "பிளேடால வெட்டினது. கிழிஞ்சதில்லை." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இது இப்பிடியேதான் வந்ததோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டதில் சந்தேகம் இல்லை. வெறும் கேள்வி.

"ஆமா. இப்படித்தான் வந்துச்சு. ராணுவத்துல பிரிச்சுப் பாப்பாங்களாம்ல" என்றேன்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

மறுநாள் காலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரவு முழுவதும் யோசித்திருக்கிறாள். கண் இமை வீங்கியிருந்தது. அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, தலைக்குப் பின்னால பேர் இருக்கிற இடம் பாத்து வெட்டியிருக்கிறாங்கள். வேற ஒண்டிலயும் கை வைக்கேல்லை. அக்கான்ர மகன் ஒருத்தன் இயக்கத்துக்குப் போனவன். அந்த வீட்டைத்தான் தேடுறாங்கள். அப்ப ஆமிக்கு அந்த இடம் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

அப்பா கடிதத்தைத் திருப்பினார். முதுகில் அவர் குத்திய முத்திரை முழுசாக இருந்தது. முந்தின நாள் கையில் பிடித்துக் குத்தும்போது அது ஓட்டையில்லாத கடிதமாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். காணாமல் போனது தலை ஒட்டியிருந்த இடம் என்பதும் தெரியும். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வரும்போதே இப்படித்தான் இருந்துச்சும்மா" என்றார்.

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்கலாமோ?"

"அதெல்லாம் அங்கிட்டு நடக்குறது. நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா."

அவள் போனதும் அப்பா தபால் அறைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இனிமே இந்த ரூமுக்குள்ள நீ வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் ஊர் கேட்டிருக்கும், ஏதோ ஒரு வழியில் உண்மை வெளியே வந்திருக்கும். எனக்குப் பின்னால் மூன்று தங்கைகள். தபாலைப் பிள்ளை கையில் கொடுத்தார் என்று ஒரு மனு போனால் வேலை போய்விடும். அது எனக்கு இப்போது புரிகிறது. அந்த வேலையை வைத்துத்தான் எங்களைக் கரை சேர்த்தார். என்னைப் படிக்க வைத்தார். என் படிப்பு எதன்மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நான் அந்தத் தலையைக் கொடுத்து முக்கோணத் தலையை வாங்கிக்கொண்டேன். நீங்கள் சுற்றி நின்று பார்த்தீர்கள்.

பத்து நாள் கழித்து அத்தை புறப்பட்டாள். ராமநாதபுரத்துக் கரையிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் படகுக்காரர் ஒருவரைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லாரும் தடுத்தார்கள். "சனம் அங்க இருந்து வருது, நீ அங்க போறியோ?" என்று பெரிய வாத்தியார் கத்தினாராம். "ஆமி போய்ச் சேர முதல் நான் போய்ச் சேரவேணும்" என்றாளாம். மகனை அந்த வாத்தியாரின் மனைவியிடம் விட்டுவிட்டாள்.

நான் பள்ளிக்கூடம் போகும் காலை பஸ்ஸில்தான் அவளும் ஏறினாள். அன்று அய்யலூர் சந்தை. விடியும் முன்பே கூடிக் கலைகிற ஆட்டுச் சந்தை. திண்டுக்கல் கறிக்கடைக்காரர்கள் வாங்கிய ஆடுகளோடு பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். அத்தை எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் பிஸ்கட் டப்பா.

கண்டக்டர் ஆட்டுக்காரர் ஒருவரிடம் மல்லுக்கு நின்றார். "ஏய்யா, ஆட்டுக்கு டிக்கெட்டு?"

"ஆடு நின்னுக்கிட்டுத்தானய்யா வருது? சீட்டா கேட்டுச்சு?"

"நின்னாலும் டிக்கெட்டுதான்."

"அப்ப அது எறங்குறப்ப நீயே கேளு. எனக்கும் அதுக்கும் காலையிலதான் பழக்கம்."

பஸ்ஸே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். ஒரு குட்டி அவள் முந்தானை நுனியைச் சவைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடுங்காமல் அதன் நெற்றியைத் தடவினாள்.

"எங்கட வீட்டிலயும் ஏழு நிண்டது தம்பி. மகள் ஒவ்வொண்டுக்கும் பேர் வைச்சவள்" என்றாள். பிறகு வழி முழுவதும் மகளைப் பற்றியே பேசினாள். வெண்டைக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வாளாம். இடியென்றால் பயமாம், ஹெலிகாப்டர் சத்தத்தையும் இடியென்றே நினைத்துக் காதைப் பொத்துவாளாம். தலையைச் சீவும்போது கணக்குக் கேட்டால் அழாமல் இருப்பாளாம். "ஏழாம் வாய்ப்பாடு மட்டும் வராது. நான் போய்ச் சொல்லிக் குடுக்கவேணும்."

வடமதுரை தாண்டியது. என் தொண்டையில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. அத்த, அத வெட்டுனது ராணுவம் இல்ல, நாந்தான். ஆறு சொற்கள். அதைச் சொன்னால் அவள் போகவேண்டிய காரணமே இல்லை. ராணுவம் அந்தப் பெயரைப் பார்க்கவே இல்லை. அடுத்த கடிதம் வரும்வரை அவள் குடோனில் இருந்து அழுதுகொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் சொன்னால் அப்பா பொய் சொன்னதும் வெளியே வரும், பஸ்ஸில் ஊர்க்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், அத்தை என்னை எப்படிப் பார்ப்பாள். தாமரைப்பாடியில் சொல்லலாம் என்று நினைத்தேன். தாமரைப்பாடி வந்தது. இறங்கினதும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவளுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. நான்தான் மதுரை பஸ்ஸைக் காட்டி ஏற்றிவிட்டேன். சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்த…"

"என்ன தம்பி?"

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"மதுரையில எறங்கி ராமநாதபுரம் பஸ்ஸு கேளுங்க" என்றேன்.

"உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகப் போகுது. ஓடு, ராசா."

ஓடினேன். முதல் பாடம் கணக்கு. அன்று நான் தாமதமாகக்கூட வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, அரசாங்க லாரியில் புதிதாக வந்தவர்களைக் கொண்டுவந்து குடோன் வாசலில் இறக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. லாரியிலிருந்து மெலிந்த ஓர் ஆள் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இந்தப் பேரில ஒரு அம்மா, கைக்குழந்தையோட…" என்று கேட்டார். பெரிய வாத்தியார் அவரைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். அவள் இருந்த ஊருக்கு ராணுவம் வரவே இல்லை. பத்து மைல் முன்னாலேயே கிழக்குப் பக்கம் திரும்பி நடந்துவிட்டது. நான் தண்ணீரில் கரைத்த அந்தச் சொல், வராது.

அத்தை ராணுவம் நடந்த பாதையில் போய் இறங்கியிருக்கிறாள். கரையில் இறங்கினதைப் பார்த்தவர்கள் உண்டு. எரிந்த ஊர் ஒன்றில், மகள் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கு அப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

கணவர் தினமும் தபால் பை வரும் நேரத்துக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். கேட்க மாட்டார், நிற்பார். அப்பா எண்ணி முடித்துத் தலையை நிமிர்த்தி, "இன்னிக்கு இல்லப்பா" என்பார். அவர் கும்பிட்டுவிட்டுப் போவார். பதினோரு வருடம். கடைசி நாட்களில் அப்பா அவர் வருவதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவார், பிறகு சாப்பிட முடியாது என்பதால். இரண்டு பேரும் இப்போது இல்லை. அப்பாவும் நானும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

நான் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வீட்டுக்கு என்னால் ஆனதெல்லாம் செய்தேன். மகளுக்குத் தையல் மிஷின், மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரி, முகாம் ஆபீஸ், மனு எழுதுவது, எல்லாவற்றுக்கும் நான்தான் போனேன். இரண்டு பேரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டார்கள். மகள் தன் கல்யாணத்தில் என்னை அண்ணன் முறைக்கு நிற்க வைத்தாள். நான் நின்றேன். அந்த நன்றியெல்லாம் வாங்கிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

போன வருடம் காணாமல் போனவர்களைப் பற்றி விவரம் சேகரிக்கச் சிலர் முகாமுக்கு வந்தார்கள். மகள் வாக்குமூலம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. வெளியில் நம் திண்டுக்கல் பேச்சு, முகாமுக்குள் போனால் இலங்கைப் பேச்சு. ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தக் கடிதத்தை வைத்திருந்தாள்.

"இதாண்ணே ஆதாரம். ஆமி கடிதத்த வெட்டுனான்னு போடுங்க. அம்மா அதனாலதான் போனாங்கன்னு போடுங்க."

ஊர், பெயர், வயது எல்லாம் எழுதினேன். அந்த வாக்கியத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. இப்படி ஒரு வாக்கியத்தை இன்னொரு மொழியில், என் கையெழுத்தில், மறுபடி ஒருமுறை எழுத என்னால் முடியவில்லை.

"என்னண்ணே?"

சொன்னேன். பிளேடிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும். என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப ஆமி என்னைத் தேடேல்லையோ?"

"இல்ல."

"ஒருத்தரும் என்னைத் தேடேல்லை. அம்மா மட்டுந்தான் தேடினவா."

அந்த இலங்கைப் பேச்சில் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கடிதத்தை உறைக்குள் போட்டாள். "எங்க வீட்டை எரிச்சது அவங்கள். மரத்தை வெட்டினது அவங்கள். இதையும் அவங்கட கணக்கிலயே வைச்சு நாற்பது வருசம் இருந்திட்டன். இனி இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஆள் சொல்லி அனுப்பினாள். முகாமுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று. போனேன். குடோனை இடித்து வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய வாத்தியாரின் மனைவி மட்டும் இருக்கிறார், காது கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நான் சொல்வதை அவர் காதில் கத்திக் கத்திச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏசவில்லை. மகள் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வாக்குமூலத்தை வேறு ஆளை வைத்து எழுதிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். கடிதத்தைக் கொடுக்கவில்லையாம்.

மகன் மட்டும் என் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை வந்தான். பெயிண்ட் வேலை செய்கிறான். வேலைக்குப் போகும் வழியில் நின்றவன், சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. அம்மா போகும்போது அவனுக்கு இரண்டு வயது. அவள் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு பஸ்ல நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அம்மா என்னையப் பத்தி என்ன சொன்னாங்க?"

அவன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பொய் போதும். சின்னவனப் பாத்துக்கன்னு சொன்னாங்கப்பா என்றால் போதும். அவன் சாகும்வரை வைத்துக்கொள்வான். எனக்கும் அவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒண்ணும் சொல்லலப்பா. அக்காவப் பத்தியேதான் பேசிக்கிட்டு வந்தாங்க" என்றேன்.

அவன் பிரஷ் வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"திண்டுக்கல்லுக்கு அப்ப எம்புட்டு நேரம்ணே?"

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்" என்றான் அவன். என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போனான்.